சோம் பர்வதம் ஆலங்கண்மாயில் தங்கியிருந்தபோது

மாசி மாதத்து முதல் புதன்கிழமை ஆலங்கண்மாயில் விடியவில்லை. சேவல்கள் கூவி முடித்து, டீக்கடையில் இரண்டாவது பாலும் காய்ந்து, முதுகுளத்தூர் போகும் ஆறரை மணிப் பேருந்தும் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற பிறகும் கிழக்கே வெளிச்சம் வராததால் வெளியே வந்து பார்த்தவர்கள், மிளகாய்க் காடுகளுக்கும் உப்போடைக்கும் நடுவே வேலிக்கருவை மட்டும் மண்டிக் கிடந்த பொட்டலில் ஒரு பனிமலை வந்து உட்கார்ந்திருப்பதையும், சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் காத்துக் கிடப்பதையும் கண்டார்கள். பனைமரத்தைவிட உயரமாக எதையும் பார்த்தறியாத அந்தச் சீமை ஜனங்கள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விடுவது முறையல்ல என்பதால், பத்துப் பேராகச் சேர்ந்து அடிவாரம்வரை நடந்துபோய், "வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

பல் துலக்கிக்கொண்டே மொட்டை மாடிக்கு வந்த மங்களேஸ்வரி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல நேரே பார்த்தாள். தென்மேற்கு முகட்டின் கூனையும், அதன் கீழே வெடித்து வெடித்து இறங்கிய பனியாற்றையும், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நெட்டுக்குத்தாக நின்ற கறுத்த பாறையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, வாயில் நுரையோடு, "சோம் பர்வத்" என்றாள். கீழே தெருவில் நின்றவர்களுக்கு அது "சோம்பேறி" என்று கேட்டது. வந்த இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்ட மலைக்கு அந்தப் பெயர் பொருத்தமாக இருந்ததால் அதுவே நிலைத்தும்விட்டது.

ஊருக்கு அவள் முதுகுளத்தூர் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர், அவ்வளவுதான். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ஒரு முகாமுக்காக உத்தரகாசி போனவள், பத்து நாளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்பினாள் என்பது தெரியும். அந்தப் பன்னிரண்டு வருஷமும் பனிமலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியாக இருந்தாள் என்பதும் ஓரளவு தெரியும். ஏன் வந்தாள், வந்த பிறகு இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட ஏன் வடக்கே போகவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

மலை ஏன் வந்தது என்று ஆலங்கண்மாய் அதிகம் யோசிக்கவில்லை. வந்தாயிற்று, இனி எப்படி இருப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் ஏட்டைப் புரட்டி, பொட்டலுக்கு உரிய சர்வே எண்ணுக்கு நேரே, மரம் கிணறு எழுதும் இடத்தில், "மலை ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேருந்து அதன் அடியைச் சுற்றி வளைந்து போகப் பழகியது. நடத்துநர் ஒரே வாரத்தில் "மலையடி எல்லாம் இறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். பதநீர் விற்பவர்கள் காலையில் ஒரு கூடைப் பனிக்கட்டி வெட்டி வந்தார்கள். பங்குனி வெயிலில் குளிர்ந்த பதநீர் குடிக்கப் பரமக்குடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் கண்மாய்க் கரைக்குப் போவதை விட்டு மலைப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அங்கே ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியவில்லை, குளிர் எடுத்தது, வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்த ஊரில் வயசு சொல்பவர்கள், மலை வந்திருந்தபோது இவன் வயிற்றில் இருந்தான், மலை வந்திருந்தபோது எனக்கு இந்தப் பல் இருந்தது என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். தோளில் இல்லாத சால்வையைக் கை இழுத்துவிட்டுக்கொள்ளும்.

சண்டை வந்தது பங்குனித் தொடக்கத்தில். மலை ஒரு கையால் கொடுத்தது, ஒரு கையால் எடுத்தது. ஆறு வருஷமாக வெடித்துக் கிடந்த கண்மாய்க்கு மலையிலிருந்து பனி உருகித் தினமும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வந்தது. மடைக்காரர் காத்தமுத்து, ஆறு வருஷம் தண்ணீரில்லாத மடைக்கு எண்ணெய் போட்டு ஏற்றி இறக்கி வந்த மனுஷன், முதல் நாள் தண்ணீர் வந்தபோது மடைக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் காலை பத்தரைக்கு மேல்தான் ஊருக்கு வெயில் வந்தது. களத்தில் காய்ந்த மிளகாய்க்கு அது போதவில்லை. சிவந்து சுருங்க வேண்டிய வத்தல் வெளுத்துப் பூத்தது. சபூரா பீவி, கணவர் இறந்த பிறகு ஊரிலேயே பெரிய மிளகாய்க் களத்தைத் தனியாக நடத்துகிறவள், ஒரு கை வெளுத்த வத்தலை அள்ளிக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூடிய ஊர்க்கூட்டத்தின் நடுவே போட்டாள்.

"நான் போகச் சொல்லலை. நாலு பர்லாங் வடக்கே தள்ளி உக்காரச் சொல்றேன். வெயில் வந்தாப் போதும்."

"கேட்டுக் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சுன்னா?" என்றார் காத்தமுத்து. "தண்ணிக்கு யாரு பதில் சொல்றது?"

"வத்தலுக்கு யாருண்ணே பதில் சொல்றது?"

மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றுக்குச் சம்மதித்தன. காலடியில் நின்று சொன்னால் மலைக்குக் கேட்காது. தலைக்குப் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். மிளகாய்க்குச் சபூரா, தண்ணீருக்குக் காத்தமுத்து. இருவரும் ஏறிப்போய் அவரவர் கட்சியைச் சொல்லட்டும், மலை தன் மனசுப்படி செய்யட்டும். கூட்டிப்போக டீச்சர் இருக்கிறார்.

"முடியாது" என்றாள் மங்களேஸ்வரி. "எனக்கு அம்பத்திரண்டு வயசு. இடது முட்டி போயிருச்சு. அது ஏறி இறங்குற குன்று இல்ல. பத்து வருஷம் ஏறிப் பழகினவங்களே பாதியில திரும்புற மலை."

"நீங்க வரலைன்னாலும் நாங்க போவோங்க்கா" என்றாள் சபூரா. "எங்கிட்டு ஏறணும்னு மட்டும் காட்டிருங்க."

மங்களேஸ்வரி இருவரையும் பார்த்தாள். பனியாற்றின் முதல் வெடிப்பைக்கூட இவர்கள் தாண்ட மாட்டார்கள் என்பது தெரிந்தது. அப்படியும் போவார்கள் என்பதும் தெரிந்தது. வீட்டுக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியை இழுத்தாள்.

மறுநாள் முதல் அவள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர் மலையாயிற்று. புதுசாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அடுப்புக்கரியால் முகட்டையும் பாறையையும் பனியாற்றையும் வரைந்தாள். எங்கே கூடாரம் போடுவது, எங்கே உட்காரக்கூடக் கூடாது, எந்த வெடிப்பை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று குறித்தாள். வடக்கிலிருந்து எழுதி வாங்கிய ஏறுகயிறு இரண்டு சாக்குகளில் தபாலில் வந்தது. காலில் கட்டும் இரும்புப் பற்களைத் தன் பழைய ஜோடியை மாதிரியாகக் கொடுத்துக் கொல்லரிடம் அடிக்கச் சொன்னாள். தையல்காரர் இலவம்பஞ்சு அடைத்து உடுப்புகள் தைத்தார். போட்டுப் பார்த்த காத்தமுத்து இரண்டு கையையும் கீழே இறக்க முடியாமல் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்து ஊர் சிரித்தது.

ஆனால் திட்டம் என்பது சாமான் சேர்ப்பதல்ல, பார்ப்பது என்று அவள் சொன்னாள். கல் எப்போது விழுகிறது, பனிச்சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது, உச்சியில் காற்று எந்தத் திசையில் பனியைச் சீவுகிறது என்று பார்க்க வேண்டும். இமயத்தில் அதைப் பார்க்க நாலு கண்தான் இருக்கும். இங்கே ஊரே இருந்தது. டீக்கடைக்காரர் சிலேட்டு ஒன்றை மாட்டிவைத்தார். களையெடுக்கப் போன பெண்கள் வந்து சொன்னார்கள், "ஒம்பது இருபதுக்கு எடப்பக்க ஓடையில கல்லு விழுந்துச்சு டீச்சர்." பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனார், "மேல காத்து இன்னிக்கு வடக்க திரும்பிருச்சு." ஆடு மேய்ப்பவர்களும் தபால்காரரும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரும், அவரவர் வேலைக்கு நடுவே ஒரு கண்ணை மலைமேல் வைத்தார்கள். நாற்பது நாளில் அந்த மலையைப் பற்றி ஆலங்கண்மாய்க்குத் தெரிந்த அளவு பூமியில் எந்த ஊருக்கும் எந்த மலையைப் பற்றியும் தெரிந்திருக்காது.

திட்டம் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலையில் மங்களேஸ்வரி தன் பழைய தொலைநோக்கியில் கறுத்த பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. தொலைநோக்கியை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடு பாறையின் உச்சிவரை போய், அங்கே இரண்டு ஆணிகளில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல வந்த சபூராவும் காத்தமுத்துவும் சுவருக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள். அவள் கரியால் பாறையைக் காட்டி, "இது அறுபது மீட்டர். நெட்டுக்குத்து. இதுலதான் கயிறு கட்டி ஏறணும்" என்றாள்.

"அங்க ஏற்கனவே ஒரு கயிறு தொங்குதே டீச்சர்" என்றார் காத்தமுத்து. "செவப்பா. காலையில நானும் பாத்தேன்."

"அதைத் தொடக்கூடாது. வெயில் தின்ன கயிறு. பத்தொம்பது வருஷமாச்சு."

"யாரு கட்டுனது?"

மங்களேஸ்வரி கரித்துண்டைக் கீழே வைத்தாள். பிறகு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பெயரை அந்த ஊரில் சொன்னாள். கீரத் சிங். கட்வால் மலைநாட்டுக்காரர். அவளும் அவரும் ஆறு வருஷம் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறியவர்கள். டீயில் உப்புப் போட்டுக் குடிப்பார். அவளிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் "இருக்கட்டும்". கூடாரம் கிழிந்தாலும், சோறு தீய்ந்தாலும், பனிப்புயலில் மூன்று நாள் உள்ளேயே கிடந்தாலும் "இருக்கட்டும்" என்பார். உங்கள் ஊரில் நிஜமாகவே மேடே கிடையாதா, வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஐப்பசியில் வந்து வீட்டில் பேசுவதாக இருந்தது. அதற்கு முன்னால் அந்த வருஷத்துக் கடைசி வேலை, இந்த மலை. பின்னால் வரப்போகிற ஆட்களுக்காக அவர்கள் இருவரும் முன்னதாகப் போய்க் கயிறு கட்டினார்கள்.

"ரெண்டு மணிக்குத் திரும்பணும். எங்க நின்னாலும் ரெண்டு மணிக்குத் திரும்பணும். அதான் எங்க சட்டம். ரெண்டு மணிக்கு இங்க நின்னோம்." பாறையின் அடியில் விரலை வைத்தாள். "திரும்பலாம்னேன். பத்து நிமிஷம், இந்தக் கயித்தை மேல கட்டிட்டு வந்துர்றேன்னு போனாரு. மேகம் மூடிருச்சு. நான் இருட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். அப்புறம் இறங்கிட்டேன்."

சபூரா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டி முடிச்சாரா, பாதியில விழுந்தாரா, அதுகூட எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன். கட்டியிருக்காரு. முடிச்சு சுத்தமா இருக்கு."

காத்தமுத்து ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். பிறகு, வேறெதையோ பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "வர்றேன்னு சொன்னவரு வந்துட்டாரு, டீச்சர்."

மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் அவளிடம் துக்கம் கேட்கவில்லை. ஆனால் காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள், கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது ஒரு நொடி அந்தக் கறுத்த பாறையைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் முதல் டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, குடிக்க ஆளில்லாமல் பலகையில் கிழக்குப் பார்த்து வைத்தார். கொஞ்ச நாளில் மங்களேஸ்வரி கடைக்குப் போகும்போது அதை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

மேலே போய்ப் பழகி, கீழே வந்து தூங்க வேண்டும் என்பது உடம்புக்கான திட்டம். மூன்று வாரம் மூவரும் பனியாற்றின் முதல் கூடாரம்வரை ஏறி இறங்கினார்கள். சபூரா தோளில் பனியோடு வந்து களத்தில் வத்தலைக் கிளறினாள். காத்தமுத்து மடையை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். ஆரம்பத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் இருந்து ஒருவர் கட்சியை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே ஏறினார்கள். ஒரு நாள் சபூராவின் கால் வெடிப்பை மூடியிருந்த பனிப்பாலத்தை உடைத்துக்கொண்டு இடுப்புவரை உள்ளே போனது. காத்தமுத்து, மங்களேஸ்வரி சொல்லிக்கொடுத்தபடியே, பனிக்கோடாரியைக் குத்தி அதன்மேல் விழுந்து அமுக்கி, கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு குறை சொல்வது குறைந்துபோனது. மேலே மூச்சும் அதற்குப் போதவில்லை.

சித்திரை இருபத்தொன்று என்று நாள் குறித்ததும் ஊர்தான். அன்று முதல் ஐந்து நாள் காற்றுக் குறையும் என்று டீக்கடைச் சிலேட்டு சொன்னது. மூவரும் ஏறினார்கள். முதல் கூடாரம், இரண்டாவது கூடாரம், முகட்டின் இடுக்கில் மூன்றாவது கூடாரம். நாலாம் நாள், கிழக்கே வங்காள விரிகுடா கத்தி விளிம்புபோல் வெளுத்தபோது அவர்கள் முகட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். கீழே ஊரில் அடுப்பு மூட்டாமல் எல்லோரும் மாடிகளில் நின்றார்கள்.

கறுத்த பாறையில் மங்களேஸ்வரி புதுக்கயிறு கட்டினாள். சிவப்புக் கயிறு ஒரு கை தூரத்தில், வெளுத்து, நார்நாராய்த் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. ஆணி அடித்தாள், கயிறு மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள், அடுத்த ஆணி அடித்தாள். முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள். பாறையின் தலைக்கு வந்து மற்ற இருவரையும் ஏற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஒன்று ஐம்பது. முன்னால் சாய்வான பனிமேடு. அதன் முடிவில், கூப்பிடு தூரத்தில், உச்சி.

நடந்தார்கள். ஒரு அடிக்கு மூன்று மூச்சு. இரண்டு மணிக்கு அவள் நின்றாள்.

"இறங்கலாம்."

சபூரா உச்சியைப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷங்க்கா. இந்தா இருக்கு."

"ரெண்டு மணி ஆச்சு."

"அல்லாஹ்வுக்காக... இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஊருக்கு என்னத்தைச் சொல்றது?"

மங்களேஸ்வரிக்கு அந்த உச்சியைப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். அதன் மேல் நின்றால் மறுபக்கச் சரிவு முழுக்கத் தெரியும். கயிறு கட்டி முடித்த பிறகு ஒரு மனுஷன் எந்தப் பக்கம் போயிருப்பான் என்பது அங்கிருந்து தெரியலாம். பத்து நிமிஷம்தான். வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சபூராவின் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள். காத்தமுத்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"தோள்வரைக்கும் வந்தாச்சு" என்றாள். "இங்கிருந்து சொன்னாலும் கேக்கும். சொல்லிட்டு வாங்க."

சபூராவிடம் நாற்பது நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு இருந்தது. திரும்பிக் கீழே பார்த்தாள். விளிம்புவரை நிறைந்த கண்மாய் ஒரு கண்ணாடித் துண்டுபோலக் கிடந்தது. அதன் கரையில் அவள் களம், உள்ளங்கையளவு, வெளிறிய சிவப்பில். அவளுக்கு மூச்சு நாலு சொல்லுக்குத்தான் இருந்தது.

"வந்ததுக்குச் சந்தோஷம். வீட்டுல தேடுவாங்க."

கண்ணைத் திறந்த காத்தமுத்து அதைக் கேட்டார். மறுத்துப் பேசப்போகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். அவரும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்து நின்ற தண்ணீருக்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் வரவில்லை. உறை போட்ட கைகளைக் குவித்து, "போயிட்டு வாங்க" என்றார்.

பாறையில் இறங்கத் தொடங்கியபோது மேகம் மூடியது. முன்னால் போகிறவரின் தலை தெரியவில்லை. புதுக்கயிறு மட்டும் கைக்குத் தெரிந்தது. கடைசியாக இறங்கிய மங்களேஸ்வரி பாதிப் பாறையில் நின்றாள். இடது கையின் உறையைக் கழற்றி, பழைய கயிற்றை ஒரு முறை பிடித்தாள், எடை போடாமல், உடம்பு சரியில்லாதவரின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல. கீழேயிருந்து சபூரா, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

மூவரும் பத்திரமாக ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். காத்தமுத்துவுக்குக் கால் சுண்டுவிரல் ஒன்று கறுத்து, பரமக்குடி ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியிருந்தது. மேலே என்ன பேசினீர்கள் என்று ஊர் கேட்டபோது இருவரும், "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்றார்கள்.

அவர்கள் இறங்கி வந்த பதினோராம் நாள் காலையில் ஆலங்கண்மாயில் ஆறு மணிக்கே விடிந்தது. வெயில் முகத்தில் விழுந்து எழுந்தவர்கள் திடுக்கிட்டு வெளியே ஓடிவந்தார்கள். பொட்டல் பொட்டலாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஏட்டில் ஒரு கோடு போட்டார். சபூராவின் களத்தில் மிச்ச வத்தல் இரண்டு வாரத்தில் ரத்தச் சிவப்பாய்க் காய்ந்தது. கண்மாய்த் தண்ணீர் அடுத்த இரண்டு போகத்துக்குத் தாங்கியது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மூன்று நாள் ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை. எத்தனையோ பேர் மத்தியான வெயிலில் சால்வையை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்கள். மங்களேஸ்வரி கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிவிட்டு, ஆள் வந்ததும் திருப்பி அனுப்பினாள்.

யாரும் பொட்டலைக் குறுக்கே கடக்கவில்லை. பேருந்து பழைய வளைவிலேயே சுற்றிப் போனது. ஆடுகள்கூட அப்படியே சுற்றிப் போயின. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. படுத்திருந்தவர் எழுந்துபோன பாயை மிதிக்க மனசு வராததுபோல ஏதோ ஒன்று.

ஐப்பசி மழை பெய்து பொட்டலில் புல் முளைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும், மங்களேஸ்வரி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிழக்கே நடந்தாள். பேருந்து வளையும் இடத்தில் வளையாமல் நேரே இறங்கினாள். பனியாறு வழிந்த இடத்தில் தும்பை பூத்திருந்தது. கறுத்த பாறை நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே, ஒரு வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. பத்தொன்பது வருஷத்து அழுகையை அவசரமில்லாமல் அழுது முடித்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்து, மிச்சப் பொட்டலையும் கடந்து மறுபக்கம் ஏறினாள்.

அங்கே மிளகாய்க் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, இவளுக்குப் பெயர் தெரியாதவள், களைக்கொத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

"மலை வழியாவா வர்றீக, டீச்சர்?"

"ஆமா."

அந்தப் பெண் கையை நெற்றியில் வைத்து, ஒன்றுமில்லாத மேற்கை உயரமாகப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் அங்கே இருக்கிற உறவுக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அவுக எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காரு" என்றாள் மங்களேஸ்வரி.